நீலம் வந்தால் நிம்மதியா?

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர். வயது 67. பள்ளிக்கூடத்தில் ரசாயனப் பாடம் எடுத்தவர். சர்க்கரை வியாதி வந்து 14 வருடம் ஆகிறது. முழங்கால் வலிக்குத் தைலம் வாங்க என்னிடம் வரும்போதெல்லாம், ஜோல்னாப் பையிலிருந்து ஒரு 80 பக்க நோட்டை எடுத்துக் காட்டுவார்.

''நம்ம சர்க்கரை எப்பவும் கன்ட்ரோல்ல இருக்கு டாக்டர். பாருங்க!''

ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் எழுந்ததும், காபிக்கு முன்பு, வீட்டிலேயே பரிசோதனை செய்வார். டெஸ்ட் ட்யூபில் 5 மில்லி பெனடிக்ட் கரைசல். அதில் 8 சொட்டு சிறுநீர். ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைக்க வேண்டும். நீலம் நீலமாகவே இருந்தால் சிறுநீரில் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள், ஆரஞ்சு என்று போய் செங்கல் சிவப்பு வந்தால் நிறைய. அவருடைய நோட்டு முழுக்க 'நீலம்', 'நீலம்', 'நீலம்'. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு டிக்!

''ரத்தத்துல பார்த்தீங்களா சார்?'' என்று எப்போதாவது கேட்பேன். ''அதெல்லாம் வியாபாரம் டாக்டர்'' என்று சிரிப்பார். நானும் நோட்டைப் பார்த்து ஒரு முறை 'பேஷ்' என்று சொன்னவன்தான். அந்தப் 'பேஷ்' இன்றைக்கும் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

ஒரு நாள் அவர் வந்தது முழங்காலுக்கு அல்ல. இடது கால் சுண்டு விரலில் செருப்பு உரசி ஒரு கொப்புளம். அது உடைந்து புண்ணாகி மூன்று வாரம் ஆகியிருந்தது. ''வலியே இல்லை டாக்டர். கொஞ்சம் மத்தன் தைலம் குடுங்க, போட்டுக்கறேன்.''

வலி இல்லை என்றாரே, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. விரல் கருத்திருந்தது. அன்றே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். வெறும் வயிற்றில் 186. சாப்பிட்ட பிறகு 274. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ1சி 9.2. ஆனால் அன்று காலையிலும் அவர் வீட்டு டெஸ்ட் ட்யூபில் என்ன நிறம் தெரியுமா? நீலம்!

சர்ஜனிடம் அனுப்பி வைத்தேன். சுண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. கட்டுப் போட்ட காலோடு அவர் என்னைக் கேட்ட கேள்வி: ''ஒரு தடவைகூட நீலம் தப்பலையே டாக்டர்... பொய் சொன்னது யாரு?''

கரைசல் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கும் தப்பில்லை. சிறுநீரகம் சர்க்கரையை எப்படிக் கையாள்கிறது என்பது அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அதைத் தெரிந்துகொண்டால் இந்த நீலத்தின் ரகசியம் உங்களுக்கும் விளங்கிவிடும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

போகிக்கு வீட்டைக் காலி செய்வது போல...

சிறுநீரகம் என்றால் அழுக்கைப் பொறுக்கி வெளியே போடும் உறுப்பு என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது வேலை செய்யும் விதம் தலைகீழானது.

போகிக்கு முந்தின நாள் நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? பரணில் இருப்பது, அலமாரியில் இருப்பது, கட்டிலுக்கடியில் கிடப்பது எல்லாவற்றையும் அள்ளித் திண்ணையில் போடுகிறோம். பிறகு வேண்டியதை மட்டும் ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைக்கிறோம். மிச்சம் குப்பைக்கு. நம் சிறுநீரகம் தினமும், நிமிஷத்துக்கு நிமிஷம் போகி கொண்டாடுகிறது!

நம் ஒவ்வொரு சிறுநீரகமும் ஏறத்தாழ 150 கிராம் எடைதான். அதற்குள் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள். ஒவ்வொரு நெஃப்ரானின் தலையிலும் சல்லடை மாதிரி ஒரு ரத்தக்குழாய் முடிச்சு. அதிலிருந்து கிளம்பும் நீளமான ஒரு குழல். நிமிஷத்துக்குச் சுமார் 1.2 லிட்டர் ரத்தம் இரண்டு சிறுநீரகங்களுக்குள்ளும் பாய்கிறது. ரத்த அணுக்களும் பெரிய புரதங்களும் சல்லடையில் நின்றுவிடும். தண்ணீர், உப்பு, சர்க்கரை, யூரியா எல்லாம் நல்லது கெட்டது பார்க்காமல் குழலுக்குள் வடிந்துவிடும். அப்படி வடிவது நிமிஷத்துக்கு 125 மில்லி. ஒரு நாளைக்கு 180 லிட்டர்! வீட்டில் தண்ணீர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடத்தில் அளந்தால் சுமார் 12 குடம்.

நாம் வெளியேற்றுவதோ ஒன்றரை லிட்டர்தான். மீதியெல்லாம் திண்ணையிலிருந்து வீட்டுக்குள் திரும்பிவிடுகிறது.

ஒரு நாளைக்கு 36 ஸ்பூன்!

இப்போது சர்க்கரைக் கணக்குக்கு வருவோம். ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 100 மில்லிகிராம் குளுக்கோஸ் இருக்கும். அதாவது லிட்டருக்கு 1 கிராம். உடம்பில் ஓடும் 5 லிட்டர் ரத்தத்திலும் சேர்த்து மொத்தம் 5 கிராம்தான். ஒரே ஒரு டீஸ்பூன்! அந்த ஒரு ஸ்பூன் சர்க்கரையை நம்பித்தான் மூளை ஓடிக்கொண்டிருக்கிறது.

சல்லடை வழியாக நாளொன்றுக்கு 180 லிட்டர் வடிகிறது என்றேன் அல்லவா? அதில் கரைந்து போகும் குளுக்கோஸ் 180 கிராம். 36 ஸ்பூன்! கலோரியில் சொன்னால் 720. ஒரு வேளைச் சாப்பாட்டின் சத்துக்கும் மேலே. இதையெல்லாம் சிறுநீரோடு விட்டுவிட்டால் மனிதன் பிழைப்பதெப்படி? ஆகவே குழல் அதை விடுவதில்லை. ஏறக்குறைய ஒரு துளி மிச்சமில்லாமல் மறுபடி ரத்தத்துக்கே அனுப்பிவிடுகிறது. ஆரோக்கியமான ஒருவரின் சிறுநீரில் சாதாரணப் பரிசோதனைக்குச் சர்க்கரை அகப்படாததன் காரணம் இதுதான்.

அழைப்பிதழ் இல்லாத விருந்தாளி

இந்தச் சர்க்கரை எப்படித் திரும்புகிறது என்பது சுவாரஸ்யமான கதை.

குளுக்கோஸ் தானாகக் குழலின் சுவரைத் தாண்டி உள்ளே போக முடியாது. அதற்கு அழைப்பிதழ் கிடையாது. அழைப்பிதழ் உள்ளவர் சோடியம். நம் சாப்பாட்டு உப்பில் இருக்கிறதே, அதே சோடியம்தான். குழலின் சுவரில் உள்ள செல்களுக்குள் சோடியம் எப்போதும் குறைவாகவே இருக்கும். காரணம், செல்லின் பின்பக்கம் ஒரு பம்ப் ஓயாமல் ஓடுகிறது. உள்ளே வந்த சோடியத்தை ரத்தத்தின் பக்கமாக வெளியே தள்ளுவதே அதன் வேலை. உள்ளே காலியாக இருப்பதால், மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் பாய்வது போல முன்பக்கமிருந்து சோடியம் உள்ளே பாய்ந்து வருகிறது.

கல்யாண மண்டபத்துக்குள் அழைப்பு உள்ளவரின் கையைப் பிடித்துக்கொண்டு அழைப்பு இல்லாதவரும் நுழைந்துவிடுவதுண்டு அல்லவா? அதேபோல் சோடியத்தின் கையைப் பிடித்துக்கொண்டு குளுக்கோஸும் நுழைந்துவிடுகிறது. இருவரையும் ஜோடியாக உள்ளே விடும் வாசல்காரர்கள் சுவரில் வரிசையாக நிற்கிறார்கள். அவர்களுக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் எஸ்.ஜி.எல்.டி. இதில் இரண்டு வகை உண்டு. குழலின் ஆரம்பப் பகுதியில் இருப்பவர் இரண்டாம் நம்பர். சுமார் 90 சதவிகிதச் சர்க்கரையை அவரே அள்ளிவிடுவார். கடைசியில் நிற்பவர் ஒன்றாம் நம்பர். தப்பி வரும் மிச்சம் மீதியைத் துப்புரவாகப் பொறுக்கி எடுப்பது அவர் பொறுப்பு. உள்ளே வந்த குளுக்கோஸ் செல்லின் பின்கதவு வழியாக மெதுவாக ரத்தத்தில் இறங்கிவிடும்.

இந்த ஒன்றாம் நம்பர் நம் சிறுகுடலிலும் இருக்கிறார். வயிற்றுப்போக்குக்கு உப்பையும் சர்க்கரையையும் சேர்த்துக் கரைத்துக் கொடுக்கிறோமே, அதன் சூட்சுமமே இவர்தான். சர்க்கரை இருந்தால் உப்பு உள்ளே போகும். உப்பும் சர்க்கரையும் போனால் பின்னாலேயே தண்ணீரும் போகும். 1971-ல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்காளத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்துபோன நிலையில் டாக்டர் திலீப் மஹலானபிஸ் இந்த உப்புச் சர்க்கரைக் கரைசலை டிரம்மில் கலக்கி வாயால் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் சாவு 4 பேருக்கும் கீழே இறங்கியது.

180 என்ற எல்லை

வாசல்காரர்கள் எண்ணிக்கைக்கு ஓர் அளவு உண்டு. ரத்தத்தில் சர்க்கரை ஏற ஏற, குழலுக்குள் வந்து விழும் சர்க்கரையும் ஏறுகிறது. ஒரு கட்டத்தில் எல்லா வாசல்காரர்களின் கைகளும் நிறைந்துவிடும். அதற்கு மேல் வருவதைப் பிடிக்க ஆளில்லை. அது சிறுநீரோடு போய்விடும்.

பெரும்பாலோருக்கு இது ரத்தச் சர்க்கரை 180-ஐத் தாண்டும்போது நடக்கிறது. இதைச் 'சிறுநீரக வரம்பு' என்கிறோம். இங்கே கணக்குப் பிரியர்களுக்கு ஒரு விஷயம்: இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து நிமிஷத்துக்கு சுமார் 375 மில்லிகிராம் சர்க்கரையை மீட்கக்கூடியவை. அப்படியானால் ரத்தத்தில் 300 வரும்வரை சிறுநீரில் சர்க்கரை தெரியக்கூடாது. பிறகு ஏன் 180-லேயே கசிகிறது? இருபது லட்சம் நெஃப்ரான்களும் ஒரே பலம் உள்ளவை அல்ல. சில சீக்கிரமே களைத்துவிடும், சில கடைசிவரை தாக்குப்பிடிக்கும். களைத்தவற்றிலிருந்து முதலில் கசிவு ஆரம்பிக்கிறது.

ஆக, சிறுநீரில் சர்க்கரை இல்லை என்றால் என்ன அர்த்தம்? 'ரத்தச் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டவில்லை' என்பது மட்டுமே. 'சர்க்கரை நார்மல்' என்று அர்த்தமே இல்லை! வெறும் வயிற்றில் 126 வந்தாலே சர்க்கரை வியாதி என்கிறது மருத்துவம். 126-க்கும் 180-க்கும் நடுவில் எத்தனை வருடம் வேண்டுமானாலும் வியாதி ஒளிந்துகொண்டிருக்கலாம். அப்போதெல்லாம் டெஸ்ட் ட்யூப் நீலமாகத்தான் இருக்கும்.

எங்கள் சித்த மருத்துவத்தில் மேகநீரை 20 வகையாகப் பிரித்து, மதுமேகத்தையும் அதில் சொல்லியிருக்கிறார்கள். நீரின் நிறம், மணம், நுரை, எடை, எஞ்சல் பார்க்கும் நீர்க்குறியும், நீரில் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு அது பரவும் விதம் பார்க்கும் நெய்க்குறியும் கல்லூரியில் எங்களுக்குப் பாடம். சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்தால் மதுமேகம் என்று கண்டுகொண்ட பெரியவர்களின் கூர்மையான கண்ணை நான் வணங்குகிறேன். மேல்நாட்டில் தாமஸ் வில்லிஸ் 1674-ல் இந்த நீரின் இனிப்பைப் பற்றி எழுதினார். சர்க்கரை ரத்தத்திலும் இருக்கிறது என்று மேத்யூ டாப்சன் காட்டியது 1776-ல்.

ஆனால் ஒன்றை நாம் ஒத்துக்கொள்ள வேண்டும். எறும்பு வருகிறது என்றால் வியாதி முற்றிய பிறகே வருகிறது. எறும்பு வரவில்லை என்பதால் வியாதி இல்லை என்று ஆகிவிடாது.

தாகம் முந்தியதா, சிறுநீர் முந்தியதா?

''நிறையத் தண்ணி குடிக்கிறார், அதனாலதான் அடிக்கடி பாத்ரூம் போறார்'' என்று வீட்டில் சொல்வார்கள். நடப்பது நேர்மாறாக.

பிடிக்க ஆளில்லாமல் குழலில் தங்கிவிட்ட சர்க்கரை சும்மா போவதில்லை. தன்னோடு தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. எனவே சிறுநீர் அதிகம். உடம்பில் தண்ணீர் குறைவதால் நாக்கு வறண்டு தாகம். சத்து வீணாவதால் பசி, இளைப்பு. முதலில் சிறுநீர், பிறகுதான் தாகம். 'நீரிழிவு' என்று நம் முன்னோர் பெயர் வைத்தது எவ்வளவு பொருத்தம் பாருங்கள்!

ஆகவே பாத்ரூம் போகிறாரே என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். அது வறட்சியை அதிகப்படுத்தி ஆளை மயக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். குறைக்க வேண்டியது சர்க்கரையை, தண்ணீரை அல்ல.

நீலம் ஏன் ஏமாற்றியது?

தலைமையாசிரியரிடம் திரும்புவோம். அவர் விஷயத்தில் மூன்று காரணங்கள் கைகோத்துக்கொண்டன.

முதலாவது, வரம்பு எல்லோருக்கும் 180-லேயே நிற்பதில்லை. வயதானவர்களுக்கும், நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்கும் அது பெரும்பாலும் 200, 220 என்று ஏறிவிடுகிறது. சல்லடையில் வடிவது வயதோடு குறைந்துபோகும். அதோடு, தினமும் அதிகச் சர்க்கரை வந்து விழுவதைப் பார்த்து சிறுநீரகம் வாசல்காரர்களைக் கூட்டிவிடும். அதற்கு வியாதி தெரியாது. சத்தை வீணாக்கக்கூடாது என்று மட்டும்தான் தெரியும்.

இரண்டாவது, அவர் பார்த்தது காலையில், வெறும் வயிற்றில். ஒரு நாளில் சர்க்கரை தாழ்ந்திருக்கும் நேரங்களில் அது ஒன்று. அவருடைய 186, ஏறிப்போன அவருடைய வரம்புக்குக் கீழே.

மூன்றாவதை அவர் மனைவி சொன்ன பிறகே நான் புரிந்துகொண்டேன். ''ராத்திரி ரெண்டு மூணு தடவை எழுந்து போவாருங்க. வயசாச்சு, பிராஸ்டேட்டா இருக்கும்னு நினைச்சோம்.'' இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 274 வரை ஏறிய சர்க்கரை அந்த இரவு நடைகளிலேயே வெளியே போய்விட்டது. விடியற்காலை மூத்திரப்பையில் இருந்தது கடைசியில் சேர்ந்த சுத்தமான நீர். அதைத்தான் அவர் கொதிக்க வைத்தார். நீலம்!

சிறுநீர் என்பது சில மணி நேரமாகச் சேர்ந்த பழைய கதை. இந்த நிமிஷத்து ரத்தத்தை அது காட்டாது. வைட்டமின் சி மாத்திரை அதிகமாகச் சாப்பிட்டாலும் பெனடிக்ட் கரைசல் நிறம் மாறிவிடக்கூடும். இவ்வளவு குளறுபடிகள் இருப்பதால்தான் இன்று சர்க்கரையைக் கண்டுபிடிக்கவும், மருந்தின் அளவைத் தீர்மானிக்கவும் ரத்தப் பரிசோதனையையே நம்புகிறோம்.

வியாதி இல்லாமலே சர்க்கரை!

இதற்கு நேர் எதிரான கூத்தும் உண்டு. ஐந்து மாதக் கர்ப்பிணிப் பெண் ஒருத்தியை அவளுடைய மாமியார் அழைத்து வந்தார். சிறுநீரில் சர்க்கரை ஒரு பிளஸ். ''எங்க பரம்பரையிலேயே கிடையாதுங்க டாக்டர். இவளுக்கு எப்படி வந்தது?'' மருமகளின் முகம் சுண்டிப்போயிருந்தது.

கர்ப்ப காலத்தில் சல்லடையில் வடியும் அளவு ஏறக்குறைய பாதி பங்கு கூடிவிடுகிறது. வாசல்காரர்களால் சமாளிக்க முடிவதில்லை. ரத்தத்தில் நார்மலாக இருந்தாலும் கொஞ்சம் கசிந்துவிடும். ஆனால் இதைச் சொல்லி அலட்சியமாகவும் இருக்கக்கூடாது, கர்ப்ப காலச் சர்க்கரையும் நம் நாட்டில் சகஜம். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து ரத்தத்தில் பார்க்க வேண்டும். 140-க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. அந்தப் பெண்ணுக்கு 112. ''உங்க மருமகளுக்கு ஒண்ணுமில்லேம்மா'' என்று நான் சொன்னதும் அவள் விட்ட பெருமூச்சு எனக்கே கேட்டது!

வேறு சிலருக்குப் பிறவியிலேயே இரண்டாம் நம்பர் வாசல்காரரில் குறை இருக்கும். அவர்களுக்கு ரத்தச் சர்க்கரை எப்போதும் நார்மல். சிறுநீரிலோ வாழ்நாள் முழுக்கச் சர்க்கரை! பெரும்பாலும் இவர்களுக்கு எந்தத் தொந்தரவும் வருவதில்லை, மருந்தும் தேவையில்லை. ரத்தத்தில் பார்க்காமல் சிறுநீரை மட்டும் பார்த்து இவர்களுக்குச் சர்க்கரை மாத்திரை கொடுத்தால் ஆபத்து.

ஆப்பிள் மரப்பட்டை சொன்ன பாடம்

இப்படிப் பிறந்தவர்கள் நலமாக வாழ்வதைப் பார்த்த விஞ்ஞானிகளுக்கு ஒரு யோசனை தோன்றியது. வாசல்காரரை வேண்டுமென்றே தடுத்து, அதிகப்படிச் சர்க்கரையைச் சிறுநீரில் விட்டுவிட்டால் என்ன?

அதற்கான சரக்கு முன்பே கையில் இருந்தது. 1835-ல் ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து ஃப்ளோரிசின் என்ற கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்திருந்தார்கள். 1886-ல் ஜோசப் வான் மெரிங் அதைக் கொடுத்துப் பார்த்தபோது சிறுநீரில் சர்க்கரை கொட்டியது! ஆனால் அது குடலில் உள்ள ஒன்றாம் நம்பரையும் தடுத்து வயிற்றுப்போக்கை உண்டாக்கியது. மருந்தாகவில்லை. இரண்டாம் நம்பரை மட்டும் குறிவைக்கும்படி அதைத் திருத்தி அமைக்க வெகுகாலம் பிடித்தது. 2012 முதல் டாபாக்ளிஃப்ளோசின், கானாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்று மாத்திரைகள் ஒவ்வொன்றாக வந்தன. மூலிகைக்காரனான எனக்கு, ஒரு மரப்பட்டை இவற்றுக்கெல்லாம் பாட்டி என்பதில் தனிச் சந்தோஷம். அதற்காக யாரும் பட்டையைத் தேடிப் போகவேண்டாம்!

இந்த மாத்திரையால் நாளொன்றுக்கு சுமார் 60 முதல் 100 கிராம் சர்க்கரை வெளியேறுகிறது. இதயத்துக்கு இது பாதுகாப்பு என்று 2015-லும், சிறுநீரகத்துக்கும் பாதுகாப்பு என்று 2019, 2020-லும் பெரிய ஆய்வுகள் காட்டின. சிறுநீரகத்துக்கு எப்படி? ஞாபகம் இருக்கிறதா, சர்க்கரையோடு சோடியமும் ஜோடியாகத் திரும்புகிறது. சர்க்கரை வியாதியில் இந்த மீட்பு அளவுக்கு மீறுவதால் குழலின் பின்பகுதிக்கு உப்பு குறைவாகவே போய்ச் சேர்கிறது. அங்கே உப்புக் கணக்குப் பார்க்கும் கணக்குப்பிள்ளை மாதிரி சில செல்கள் உண்டு. உப்பு குறைவதைக் கண்டதும், 'சல்லடையில் சரியாக வடியவில்லை போலிருக்கிறது' என்று தப்பாக நினைத்து, ரத்தம் வரும் குழாயை அகலத் திறந்துவிடுகின்றன. சல்லடையில் அழுத்தம் ஏறி, நாளடைவில் அது கிழிந்து, புரதம் ஒழுகத் தொடங்குகிறது. சிக்கனமே வினையாகிவிடுகிறது! வாசல்காரரைத் தடுத்தால் உப்பு பின்னால் போய்ச் சேரும். கணக்குப்பிள்ளை சமாதானமாகி அழுத்தத்தைக் குறைத்துவிடுவார்.

இந்த மாத்திரைக்கும் பத்தியம் உண்டு. சிறுநீர் வழியில் சர்க்கரை இருப்பதால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று, அரிப்பு வரலாம். ஒவ்வொரு முறையும் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்துக்கொள்ள வேண்டும். வாந்தி, பேதி, கடும் காய்ச்சல் வந்தாலும், ஏகாதசி போல முழுப் பட்டினி விரதம் இருப்பதானாலும் மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். ஆபரேஷன் என்றால் மூன்று நான்கு நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இல்லாவிட்டால் ரத்தச் சர்க்கரை அதிகம் ஏறாமலேயே 'கீட்டோ அமிலம்' கூடி உயிருக்கு ஆபத்து வரக்கூடும்.

என் நோயாளிகளுக்கு இன்னொரு வார்த்தை. நீர்முள்ளி, சிறுபீளை, நெருஞ்சில் எல்லாம் நீரைப் பெருக்கும் மூலிகைகள். இந்த மாத்திரையோடு அவற்றையும் சேர்த்துக் குடித்தால் உடம்பில் தண்ணீர் வற்றிவிடலாம். எந்தக் கஷாயம் குடித்தாலும் உங்கள் ஆங்கில மருத்துவரிடம் சொல்லுங்கள். எந்த மாத்திரை சாப்பிட்டாலும் எங்களிடம் மறைக்காதீர்கள்.

மறுபடியும் டெஸ்ட் ட்யூப்!

தலைமையாசிரியருக்குப் புண் முழுதும் ஆறியது. இன்சுலின் போட்டுக்கொண்டார். ஒரு வருடம் கழித்து சிறுநீரில் புரதம் லேசாகத் தெரிந்ததால் அவருடைய சர்க்கரை டாக்டர் இந்தப் புது மாத்திரையையும் சேர்த்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு என் வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கையில் டெஸ்ட் ட்யூப். முகத்தில் பீதி.

''பழக்க தோஷம் டாக்டர்... சும்மா கொதிக்க வெச்சுப் பார்த்தேன். செங்கல் சிவப்பு! பதினஞ்சு வருஷத்துல முதல் தடவை. இன்சுலினைக் கூட்டிக்கட்டுமா?''

விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மீட்டரில் பார்த்தோம். 118.

''சார், இப்பதான் உங்க சர்க்கரை சரியா இருக்கு. மாத்திரை தன் வேலையைச் செய்யுது. இந்தச் சிவப்பைப் பார்த்து இன்சுலினைக் கூட்டியிருந்தீங்கன்னா மயங்கி விழுந்திருப்பீங்க'' என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ''அப்போ, நீலமா இருந்தப்ப விரல் போச்சு. சிவப்பா இருக்கறப்ப நல்லா இருக்கேன். வேடிக்கைதான் டாக்டர்'' என்றார். நான் அவருக்கு ஒரு காபி கொடுத்தேன், சர்க்கரை இல்லாமல்.

நீங்கள் செய்ய வேண்டியவை

* சிறுநீரில் சர்க்கரை இல்லை என்பதை மட்டும் வைத்து நிம்மதி அடையாதீர்கள். வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் பாருங்கள். மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஹெச்.பி.ஏ1சி பாருங்கள்.

* சிறுநீரில் சர்க்கரை இருக்கிறது என்றதும் பதறாதீர்கள். கர்ப்பமா, பிறவிக் குறையா, மாத்திரையின் வேலையா, நிஜமான வியாதியா என்பதை ரத்தம்தான் சொல்லும்.

* சிறுநீர்ப் பரிசோதனையே வேண்டாம் என்று அர்த்தமில்லை! சர்க்கரை உள்ளவர்கள் வருடம் ஒரு முறை சிறுநீரில் ஆல்புமினும் ரத்தத்தில் கிரியாட்டினினும் கட்டாயம் பார்க்க வேண்டும். சிறுநீரகம் பழுதாவதை முதலில் சொல்வது ஆல்புமின்தான்.

* இரவில் இரண்டு மூன்று முறை எழுந்தால் 'வயசாச்சு' என்று விட்டுவிடாதீர்கள். சர்க்கரையும் காரணமாக இருக்கலாம்.

* தினமும் படுக்கும் முன் பாதத்தைப் பாருங்கள். கண் சரியாகத் தெரியாதவர்களுக்கு வீட்டில் உள்ளவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். வலி இல்லாத புண்ணே மோசமான புண்.

* ஆவாரம்பூ, வெந்தயம், பாகற்காய், நாவல் கொட்டை எதைச் சாப்பிட்டாலும், அது பலன் தருகிறதா என்பதை ரத்தத்தில் பார்த்து முடிவு செய்யுங்கள். எறும்பு வரவில்லை என்று நீங்களாகவே இன்சுலினையும் மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். நாற்பது வயதைத் தாண்டிய ஒவ்வொரு வாசகருக்கும் இதை நான் கைகூப்பிச் சொல்கிறேன்.

தலைமையாசிரியர் இப்போது புது நோட்டுப் போட்டிருக்கிறார். அதில் நிறங்கள் இல்லை, எண்கள்தான். போன மாதம் கொண்டுவந்து காட்டினார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்துவிட்டு, காலையும் நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் 'பேஷ்' என்று சொன்னேன்.